சொல்லில் நின்ற வழக்குகள்

நீதிமன்றத் தீர்ப்பு என்றதும் நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்விதான்: யாருக்கு வெற்றி? விடுதலையா, தண்டனையா? நிலம் அண்ணனுக்கா, தங்கைக்கா? கூலி கிடைத்ததா, இல்லையா? பத்திரிகைகளும் அந்த அளவிலே நின்றுவிடுகின்றன. ஆனால் தீர்ப்பு என்பது அதன் கடைசி வரி மட்டுமன்று. அந்த வரிக்கு நீதிபதி எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதைச் சொல்லும் பக்கங்கள் அதற்கு முன்னே பல இருக்கின்றன. அந்தப் பக்கங்களிலேதான் நமக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது.

நான் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். சட்டம் படித்தவன் அல்லன், கலைப் பட்டதாரி. ஆகையால் வக்கீல்கள் பார்க்கும் கண்ணோடு தீர்ப்புகளை என்னால் பார்க்க இயலாது. ஆயினும் சொற்களோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவனுக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய பெரிய வழக்குகளெல்லாம் ஒரு சிறிய சொல்லின் பொருளிலே நிற்கின்றன. அச்சொல்லுக்கு ஒரு பொருள் கொண்டால் ஒருவன் சிறையில் இருப்பான். வேறு பொருள் கொண்டால் வீடு திரும்புவான்.

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்பது அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவு. கீழ்க் கோர்ட்டுகளில் அந்தந்த மாநிலத்து மொழி வழங்குகிறது. புனாவில் இருப்பவருக்கு மராத்தியில் சம்மன் வரும். பெங்களூரில் இருப்பவருக்குக் கன்னடத்தில் வரும். சொந்த ஊரிலிருந்து வரும் சொத்துப் பத்திரமோ தமிழில் இருக்கும். மூன்று மொழிகளுக்கு நடுவே நிற்கும் மனிதனுக்குச் சொல்லின் பொருள் தெரியாமற் போவது எளிது. அவ்வாறு தெரியாமற் போனதே ஒரு வழக்கான வரலாற்றை முதலில் சொல்கிறேன்.

1962-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு கிரிமினல் அப்பீல் வந்தது. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த ஒருவரை 1950-ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ்ப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்தால் அதற்குரிய காரணங்களை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், அவற்றை எதிர்த்து அவர் விண்ணப்பம் செய்துகொள்ள விரைவில் வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு விதிக்கிறது. அதிகாரிகள் காரணங்களைக் காகிதத்தில் எழுதி அவரிடம் கொடுத்தார்கள். காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஹிந்தியில் தாருங்கள் என்று கேட்டார். ஆங்கிலமே ஆட்சிமொழியாக இருப்பதால் மொழிபெயர்ப்புத் தரத் தேவையில்லை என்று பதில் வந்தது. பம்பாய் உயர்நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ‘தெரிவித்தல்’ என்றால் காகிதத்தைக் கையில் திணிப்பதன்று. அதில் உள்ளதை அந்த மனிதர் அறிந்துகொள்ளும்படி செய்வது. ஆங்கிலம் அறியாதவருக்கு அவர் அறிந்த மொழியிலேயே காரணங்களைக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவராயின் அவருக்குத் தெரிந்த எழுத்திலே எழுதித் தர வேண்டும். உத்தரவைக் கொண்டுவந்த போலீஸ் அதிகாரி வாயினால் மொழிபெயர்த்துச் சொன்னால் போதாது. ஆட்சிமொழி எது என்பது வேறு கேள்வி. காவலில் இருப்பவர் தம் வாதத்தை எடுத்துரைக்க வசதி பெற்றாரா என்பதே இங்குள்ள கேள்வி. இவை அத்தீர்ப்பின் சாரம்.

தமிழிலே ‘அறிவித்தல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அறியச் செய்தல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். எதிரில் இருப்பவர் அறிந்தாலன்றி அறிவித்தல் நிகழவே இல்லை. நீதிபதிகள் பல பக்கங்களில் நிறுவியதை நம் வினைச்சொல் ஒரு விகுதியில் வைத்திருக்கிறது என்று எண்ணும்போது, மொழிபெயர்ப்பாளனுக்குச் சற்றுப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகங்களில் நாம் ஒட்டும் ‘அறிவிப்பு’க்களில் எத்தனை உண்மையில் அறிவிக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பழைய தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதனையே மேலும் விரித்தது. தடுப்புக் காவலுக்கு மட்டுமன்றி, எந்தக் குற்றத்திற்காகக் கைது செய்தாலும், கைதின் காரணங்களை எழுத்து மூலமாக, கைது செய்யப்பட்டவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று கூறியது. தவிரவும், எதிரிக்குத் தெரியாத மொழியில் ஒரு சாட்சி பேசினால் அதை அவருக்குத் தெரிந்த மொழியில் திறந்த நீதிமன்றத்திலேயே எடுத்துரைக்க வேண்டும் என்ற விதி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நெடுநாளாகவே உண்டு. சிறைத்தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பின் நகலைச் செலவின்றிக் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டமே. இவற்றையெல்லாம் கேட்டு வாங்குவது உரிமை, தயவு கோருவதன்று. கான்பூரிலோ சூரத்திலோ ஒரு தமிழ்த் தொழிலாளி தெரியாத மொழியில் உள்ள காகிதத்தில் கையொப்பமிடுமுன் இதைச் சொல்ல அவருக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

இனி, வேறொரு கிரிமினல் அப்பீல். இதில் உயிரே ஊசலாடியது. 1982-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, புனாவில், மணமாகி நான்கே மாதங்கள் ஆன ஓர் இளம்பெண் படுக்கையில் இறந்து கிடந்தாள். உடலில் பொட்டாசியம் சயனைட் என்னும் கொடிய நஞ்சு இருந்தது. கணவன்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. கண்ணால் கண்ட சாட்சி எவரும் இல்லை. அப்பெண் தன் சகோதரிக்கும் தோழிக்கும் எழுதிய துயரம் தோய்ந்த கடிதங்கள் இருந்தன; வேறு சில சந்தர்ப்பச் சான்றுகளும் இருந்தன. செஷன்ஸ் கோர்ட் கணவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1984 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அவனை விடுவித்தார்கள். தலைமை வகித்து விரிவான தீர்ப்பை எழுதியவர் நீதிபதி முர்தசா பசல் அலி. அந்த மூவரில் ஒருவர் தமிழகத்திலிருந்து சென்ற நீதிபதி ஏ. வரதராஜன்.

சந்தர்ப்பச் சான்றுகளை மட்டும் கொண்டு ஒருவனைக் குற்றவாளி என்று சொல்வதற்கு ஐந்து நிபந்தனைகளை நீதிபதி பசல் அலி அத்தீர்ப்பில் எடுத்துரைத்தார். அவற்றுக்குப் பஞ்சசீலம் என்றே பெயரிட்டார். சட்டக் கல்லூரி மாணவர்கள் அவற்றை இன்றும் நெட்டுருப் போடுகிறார்கள். ஐந்தையும் விவரிக்க இங்கே நேரம் இல்லை. முதலாவது நிபந்தனை ஒரு சொல்லைப் பற்றியது. ஒரு சங்கதி ‘நிரூபிக்கப்பட்டிருக்கலாம்’ என்பதற்கும், ‘நிரூபிக்கப்பட்டே தீர வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம், வெறும் இலக்கண தூரம் அன்று; ஊகத்துக்கும் உறுதியான முடிவுக்கும் இடையே உள்ள தூரம். 1973-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றிலே கூறப்பட்ட இந்தக் கருத்தை அவர் எடுத்துக்கொண்டு நிலைநாட்டினார். அந்தப் பெண் தன் துயரம் தாளாமல் தானே நஞ்சுண்டிருக்கக்கூடும் என்பதை அரசுத் தரப்பினால் விலக்க முடியவில்லை. நஞ்சு கணவனிடம் இருந்தது என்பதும் நிறுவப்படவில்லை. அன்றியும், சில சந்தர்ப்பங்களைப் பற்றி விசாரணையில் அவனிடம் கேள்வியே கேட்கவில்லை. விளக்கம் சொல்ல வாய்ப்பளிக்காத ஒன்றை ஒருவனுக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது.

இந்த இடத்தைத் தமிழில் எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் நேர்கிறது. “அவன்தான் செய்திருக்க வேண்டும்” என்று தமிழில் சொல்கிறோமே, அதன் பொருள் என்ன? ‘வேண்டும்’ என்ற சொல் இருந்தும் அது கட்டாயத்தைக் குறிப்பதில்லை; சந்தேகத்தைக் குறிக்கிறது. டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறவர் கொலைச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொல்லும் வாக்கியம் அது. அவர் அளவில் வழக்கு முடிந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் மறுத்தது இந்த ‘செய்திருக்க வேண்டும்’ என்னும் மனப்போக்கைத்தான். அந்தப் பெண்ணின் பெற்றோருக்கு அத்தீர்ப்பு ஆறுதல் அளித்திராது என்பதை நான் அறிவேன். ஓர் இளம்பெண் நான்கு மாதத்தில் இறந்திருக்கிறாள்; அவள் கடிதங்கள் பொய் சொல்லவில்லை. ஆயினும் துயரம் உண்மை என்பதனால் குற்றம் நிரூபணம் ஆகிவிடாது. இதனை ஏற்றுக்கொள்வது கடினம். நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்பைப் படிக்கும் எனக்கே கடினமாக இருந்தது.

கிரிமினல் விஷயத்தை இத்துடன் விட்டு, பெரும்பாலான நேயர்களின் வீட்டுக்குள்ளேயே வரும் விஷயமாகிய சொத்துரிமைக்கு வருகிறேன். இங்கே நான் சொல்வது ஹிந்து வாரிசுச் சட்டம் பற்றியது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உரிய சட்டங்கள் வேறு.

பத்திரங்களில் இரண்டு சொற்களைப் பார்த்திருப்பீர்கள்: சுயார்ஜிதம், பிதிரார்ஜிதம். தானே சம்பாதித்தது ஒன்று. மூதாதையர் வழியாக வந்தது மற்றொன்று. கூட்டுக் குடும்பத்துப் பிதிரார்ஜிதச் சொத்தில் பிறப்பினாலேயே பங்கு உடையவர்களைப் பங்காளிகள் என்கிறோம். பெண்ணைக் குறித்து இச்சொல் வழங்கி நான் கேட்டதில்லை. ‘எங்கள் பங்காளி வீடு’ என்றால் ஆண்வழி உறவு. பெண் கொண்டவனும் கொடுத்தவனும் மாமன் மச்சான். மகள் பிறந்த வீட்டில் விருந்தாளி, புகுந்த வீட்டில் மருமகள். பழைய மிதாட்சரச் சட்டமும் அவளைப் பங்காளியாக எண்ணவில்லை. 1956-ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்கு வாரிசுரிமை தந்தது. ஆனால் பங்காளி என்ற இடத்தைத் தரவில்லை. ஆந்திரம் 1980-களின் நடுவில் அதைக் கொடுத்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல் கொடுத்தது. எனினும் அந்தத் தேதிக்கு முன்பே மணமான பெண்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நாடு முழுமைக்கும், மணமானவர், மணமாகாதவர் என்ற வேற்றுமையின்றி, மகனைப் போலவே மகளும் பிறப்பினால் பங்காளி என்றது 2005-ஆம் ஆண்டுத் திருத்தம். அது செப்டம்பர் 9-ஆம் தேதி அமலுக்கு வந்தது.

உடனே தகராறும் வந்தது. 2005-க்கு முன்பே தந்தை காலமாகிவிட்டிருந்தால் மகளுக்குப் பங்கு உண்டா? 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், அந்தத் தேதியில் தந்தையும் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்றார்கள். 2018-இல் வேறு இரண்டு நீதிபதிகள், தந்தை முன்பே இறந்துபோன ஒரு குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். இரண்டு தீர்ப்பும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. கடைசியில் 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையில் மூன்று நீதிபதிகள் ‘பிறப்பினால்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உரிமை பிறப்பினால் வருகிறது என்றால், தந்தை எந்த நாளில் இறந்தார் என்ற கேள்விக்கு இடமில்லை. மகள் பிறந்தாள்; ஆகவே பங்காளி. இதற்கு ஒரு வரம்பு உண்டு. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தினாலோ கோர்ட் டிக்ரியினாலோ முடிந்துபோன பாகப்பிரிவினையை இப்போது கிளற முடியாது. ‘வாய்ப்பேச்சாக அப்போதே பிரித்துக்கொண்டோம்’ என்பதை எளிதில் ஏற்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு எச்சரிக்கிறது. கிராமத்திலே எத்தனை பாகப்பிரிவினைகள் வாய்ப்பேச்சில் ‘முன்பே’ முடிந்திருக்கின்றன என்பதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையின் அருமையை அறிவார்கள்.

இதனினும் என் மனத்தைக் கவர்ந்தது 2022 ஜனவரி 20-ஆம் தேதி வந்த தீர்ப்பு. அது தமிழகத்து வழக்கு. ஒரு குடியானவர் 1938-ஆம் ஆண்டில் கோர்ட் ஏலத்தில் கொஞ்சம் நிலம் வாங்கினார். அவர் 1949-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருக்கு ஒரே மகள். காலஞ்சென்ற சகோதரருக்கு ஒரு மகனும் நான்கு மகள்களும் இருந்தார்கள். 1967-இல் அந்த மகளும் குழந்தையின்றி இறந்தாள். அதன்பின், சகோதரரின் மகள்களில் ஒருவர் தமக்கு ஐந்தில் ஒரு பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். 1949-இலேயே, கூட்டுக் குடும்பத்து ஆண் என்ற முறையில், சகோதரர் மகன் ஒருவனுக்கே நிலம் முழுவதும் போய்விட்டது என்றது கீழ்க் கோர்ட். அது 1994-இல். உயர்நீதிமன்றமும் 2009-இல் அதையே சொன்னது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அப்துல் நசீரும் கிருஷ்ண முராரியும் கேட்ட கேள்வி: நிலம் யார் சம்பாதித்தது? ஏலத்தில் எடுத்தவர் தம் சொந்தப் பணத்தில் எடுத்தார். குடும்பம் கூட்டாக இருந்தால் என்ன? நிலம் சுயார்ஜிதம். சுயார்ஜிதச் சொத்து, எஞ்சியிருக்கும் ஆண்களுக்குப் போகும் வழியில் போகாது. இறந்தவருடைய வாரிசுகளுக்குப் போகும் வழியில் போகும். மகள் வாரிசு. இதற்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம்கூட வேண்டியதில்லை. பழைய நூல்களையும் பழைய தீர்ப்புகளையும் புரட்டிப் பார்த்து, அந்நாளைய ஹிந்து சட்டமே ஆண் மகவு இல்லாத தந்தையின் சொந்தச் சொத்தில் விதவைக்கும் மகளுக்கும் உரிமை தந்திருந்தது என்று அவர்கள் காட்டினார்கள். ஆகவே 1949-இல் நிலம் மகளுக்கு வந்தது. 1967-இல் அவள் குழந்தையின்றி இறந்தபோது 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. அதன் 15-ஆம் பிரிவின்படி, பெண்ணுக்குத் தந்தைவழி வந்த சொத்து, அவளுக்குப் பிள்ளைகள் இல்லாவிடில், தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். அந்த வாரிசுகள் சகோதரரின் ஐந்து மக்கள். ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் ஆளுக்கு ஐந்தில் ஒன்று.

கேட்ட பங்கு கிடைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பின் தலைப்பைப் பாருங்கள்: மேல்முறையீட்டாளர் பெயரை அடுத்து, ‘காலமானார், சட்டப் பிரதிநிதிகள் வாயிலாக’ என்று இருக்கிறது. முதல் கோர்ட்டின் தீர்ப்புக்கும் கடைசிக் கோர்ட்டின் தீர்ப்புக்கும் இடையே இருபத்தெட்டு ஆண்டுகள். நியாயம் பிழையின்றி இருந்தது; காலம்தான் காத்திருக்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு பெண்மணி சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரத்தோடு என்னிடம் வந்தார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. “அண்ணா, ஊரிலிருந்து தம்பி அனுப்பியிருக்கிறான். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறான். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். அது விடுதலைப் பத்திரம். தந்தையின் நிலத்திலும் வீட்டிலும் தமக்குள்ள பாத்தியதையைத் தம்பிக்கு ‘மனப்பூர்வமாகவும் பிறர் தூண்டுதலின்றியும்’ விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தது. விடுதலை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. தமக்கு ஏதோ ஒரு கடனிலிருந்து விடுதலை கிடைக்கிறது என்று எண்ணியிருக்கிறார். விடுபடுவது சொத்து, விடுபவர் தாம் என்று வரி வரியாகச் சொல்லிய பின்னரே விளங்கிற்று. தம்பியைக் குறை சொல்ல வேண்டாம். ஊர் வழக்கப்படி அவர் எழுதச் சொன்னார், எழுத்தர் எழுதிக் கொடுத்தார். 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அந்த அம்மாள் ஆங்கிலத்தில் தாமே படித்துக்கொண்டார். தமிழ்ப் பத்திரத்துக்கு நான் வேண்டியிருந்தது. பிறகு கையொப்பமிட்டாரா இல்லையா என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

கடைசியாகத் தொழிலாளர் வழக்கு ஒன்று. டில்லியில் நீண்ட நாள் இருப்பவர்களுக்கு 1982-ஆம் ஆண்டு நினைவிருக்கும். அவ்வாண்டு நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடைபெறவிருந்தது. மேம்பாலங்களும் விளையாட்டரங்குகளும் இரவு பகலாக எழும்பின. ராஜஸ்தானம், உத்தரப் பிரதேசம், ஒரிஸா முதலிய இடங்களிலிருந்து ஏழைத் தொழிலாளர்கள் வந்து கல்லும் மண்ணும் சுமந்தார்கள். மூன்று சமூக ஆராய்ச்சியாளர்கள் அந்த இடங்களுக்குச் சென்று அவர்கள் நிலையை விசாரித்து ஓர் அறிக்கை எழுதினார்கள். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் அந்த அறிக்கையை ஒரு கடிதத்தோடு நீதிபதி பி. என். பகவதிக்கு அனுப்பியது. அந்தக் கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றுக்கொண்டது. ஸ்டாம்பும் இல்லை, வக்காலத்தும் இல்லை, வெறும் கடிதம்.

தொழிலாளிக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. குத்தகைதாரர்கள் அந்தக் கூலியை ‘ஜமாதார்’ கையில் கொடுத்தார்கள். ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்த ஜமாதார் தலைக்கு ஒரு ரூபாய் எடுத்துக்கொள்வான். தொழிலாளி கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு ஏழு ரூபாய்தான் கிடைத்தது என்றும் மனுவில் குறை கூறப்பட்டிருந்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தைகளும் வேலையில் இருந்தார்கள் என்ற புகாரும் இருந்தது. ஜமாதார் என்பவனைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் நம்மவர்களை அழைத்துச் சென்றானே கங்காணி, அவனுடைய வடநாட்டுத் தம்பிதான் இவன்.

வழக்கிலே சட்டப் பிரச்சினை என்ன? குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை மீறினால் அதற்குரிய அதிகாரியிடம் போகலாம். உச்ச நீதிமன்றத்துக்கு நேரே வர இது என்ன அடிப்படை உரிமைப் பிரச்சினையா என்று எதிர்த்தரப்பு கேட்டது. நீதிபதி பகவதி 1982 செப்டம்பர் 18-ஆம் தேதித் தீர்ப்பில், ஆம் என்றார். அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு, ‘பேகார்’ முறையையும் அதுபோன்ற கட்டாய வேலைகளையும் தடை செய்கிறது. கட்டாயம் என்றால் என்ன? சாட்டையால் அடிப்பது மட்டுமா? சட்டத்தினால் கட்டுப்படுத்துவது மட்டுமா? பசித்த வயிறும் ஒரு கட்டாயந்தான் என்றது நீதிமன்றம். வேறு வழியின்றி, சட்டம் நிர்ணயித்த கூலிக்குக் குறைவாகக் கிடைத்தாலும் போதும் என்று ஒருவன் வேலைக்கு வருகிறானென்றால், அவன் விரும்பி வரவில்லை. வறுமை அவனைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை கட்டாய வேலையே. அது 23-ஆம் பிரிவை மீறுவதாகும். குத்தகைதாரர் செய்த தவறு என்று அரசாங்கம் கையைக் கழுவ முடியாது. வேலை கொடுத்த முதல் எஜமானர் என்ற முறையில் சட்டம் நிறைவேறுகிறதா என்று பார்ப்பது அதன் கடமை. ஜமாதாருக்குப் போன ஒரு ரூபாயைப் பற்றியும் தெளிவாகச் சொன்னது: கூலி எந்தப் பிடித்தமும் இன்றித் தொழிலாளியின் கைக்கே போய்ச்சேர வேண்டும். கட்டட வேலை ஆபத்தான வேலை. ஆகையால் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை அதில் வைக்கக் கூடாது என்றும் கூறியது.

‘பேகார்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது? கூலியில்லாமல் வாங்கும் வேலைக்கு ‘வெட்டி’ என்று பெயர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் வெட்டி என்ற கட்டாய ஊழியம் வரிகளோடு வரியாகக் காணப்படுகிறது. இன்று ‘வெட்டி வேலை’, ‘வெட்டிப் பேச்சு’ என்றால் பயனற்ற வேலை, பயனற்ற பேச்சு. கூலி கொடாமல் வாங்கிய உழைப்பைக் குறித்த சொல், காலப்போக்கில் பயனற்றது என்ற பொருளுக்கு வந்துவிட்டது. உழைத்தவனுக்குப் பயனில்லை, வாங்கியவனுக்கு நிறையப் பயன். ஆகவே அகராதியில் இச்சொல்லின் பொருளை மாற்றியவர்கள் உழைத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. (இது ‘நிரூபணம்’ அன்று, முன் சொன்ன டீக்கடை ‘வேண்டும்’தான்.)

வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்கென்று 1979-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1982 வழக்கில் அதுவும் பேசப்பட்டது. பின்னாளில் நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டம் ஒன்றில் அது சேர்க்கப்பட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் 23-ஆம் பிரிவு மாறவில்லை. இன்று திருப்பூரிலும் சென்னையிலும் பீகாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நம்மவர்கள் பம்பாயிலும் சூரத்திலும் செய்கிறார்கள். கூலியில் பிடித்தம் நேர்ந்தாலோ, கோர்ட்டில் நிற்க நேர்ந்தாலோ, வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் விசாரிக்கலாம்.

இத்தீர்ப்புகளையெல்லாம் தமிழில் படிக்க முடியுமா என்று நேயர்கள் கேட்கலாம். எல்லாவற்றையும் முடியாது, சிலவற்றை முடியும். 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் சிலவற்றை இந்திய மொழிகளில் பெயர்த்துத் தன் இணையத்தளத்தில் வெளியிடத் தொடங்கியது. முதலில் அறிவிக்கப்பட்ட மொழிகளில் தமிழ் இல்லை. கேட்ட பிறகு சேர்த்தார்கள். இப்போது இயந்திரங்களின் துணைகொண்டும் மொழிபெயர்ப்பு நடைபெறுகிறது. இயந்திரம் எழுதியதை மனிதர் சரிபார்க்கிறார். ‘செய்திருக்க வேண்டும்’ என்ற இடம் வரும்போது அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்க்க எனக்கு ஆவல். கட்டணம் ஏதும் இல்லை. வழக்கு நடத்துபவர்கள் தம் மொழியில் விஷயத்தைத் தெரிந்துகொள்வதற்கு மட்டுமே இம்மொழிபெயர்ப்பு என்றும், மற்றெல்லாக் காரியங்களுக்கும் ஆங்கில மூலமே செல்லும் என்றும் ஒவ்வொரு தீர்ப்போடும் ஒரு குறிப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பையும் தமிழிலே எழுதியிருக்கிறார்கள்.